வெயில் ஏறமுதல் இறங்கு

விமான நிலையம் போகும் பஸ்ஸில் அன்று ட்ரைவர், நான், எனக்கு முன்னால் ஒரு அக்காவும் அவருடைய தம்பியும். வேறு ஒருவரும் இல்லை. தம்பியின் காலடியில் பனிச்சறுக்குப் பலகைகள் வைத்த நீளப் பை கிடந்தது.

“புதையமுதல் ஒருக்கா போட்டுக் காட்டு,” என்றார் அக்கா. யார் புதைவது என்று நான் முன்னால் சாய்ந்தேன்.

தம்பி ஜக்கெட்டைத் திறந்து, மார்பில் கட்டியிருந்த சின்னக் கருவியைக் காட்டினான். “மலையிலை பனி சரிஞ்சு என்னை மூடினால் இது சிக்னல் குடுக்கும். இதுமாதிரி இன்னொண்டாலை அதைப் பிடிச்சுத் தோண்டி எடுக்கலாம்.”

“ஆர் பிடிக்கிறது? உன்னோடை வாற சிநேகிதனிட்டையும் உது இருக்கோ?”

“இல்லை. அவனிட்டைக் காசில்லை.”

“அப்ப அவன் எப்பிடியடா உன்னைத் தேடுவான்? உதென்ன, தாயத்தோ?”

தம்பி ஜக்கெட்டை மூடினான்.

“சித்திரை வெயிலுக்குப் பனி இளகிச் சரியும் எண்டு நீதானே சொன்னனீ?”

“ஓமக்கா. வெயில் ஏறமுதல் இறங்கிடுவம்.” அவன் போனை எடுத்தான். “இது வாங்க நீங்கள் தந்த காசை இப்பவே அனுப்பிவிடுறன்.”

“அனுப்பாதை. அந்தக் காசிலை அவனுக்கும் ஒண்டு வாங்கு. என்ரை கடனை நீ திரும்பி வந்து கையிலை தா. எவ்வளவு எண்டு ஞாபகம் இருக்கோ?”

“நானூற்றி இருபது டொலர், அக்கா.”