கச்சான் சுற்றிய கல்யாணம்

மண்ணெண்ணெய் வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, துணுக்காய்க் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் வெறும் போத்தல்களோடு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்ற பெண், கச்சான் கடலை விற்க வந்தவரிடம் சொன்னார்:

"கச்சானை நீங்களே வைச்சிருங்கோ. சுத்திற பேப்பரை மட்டும் தாங்கோ."

கச்சான்காரர் ஒரு பழைய நாவலை முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கிழித்துத்தான் கச்சான் சுற்றுவார்.

"இடம்பெயர்ந்து வந்ததிலையிருந்து என்ரை மனுசன் கொட்டில் தட்டியைப் பாத்தபடி படுத்துக் கிடந்தவர். உங்கடை பேப்பரை வாசிச்சுக் காட்டத் தொடங்கினாப் பிறகுதான் எழும்பி இருந்து, 'பிறகென்ன நடந்தது?' எண்டு கேக்கிறார். இண்டைக்குக் கதையிலை வாற அந்தப் பெட்டைக்குக் கலியாணம் நடக்கோணும்."

கச்சான்காரர் தலையைச் சொறிந்தார்.

"கலியாணம் நடந்திட்டுது தங்கச்சி. நான் வாசிச்சனான். ஆனா அந்தப் பக்கத்திலை காலமை ஆருக்கோ கச்சான் சுத்திக் குடுத்திட்டன்."

"ஐயோ! சும்மா நடந்தது எண்டு சொன்னா அவர் நம்பமாட்டார். பந்தியிலை என்ன கறி எண்டு கேப்பார்."

"கறியை ஆர் பாத்தது?"

"பருப்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் எண்டு சொல்லுங்கோ" என்றது வரிசையின் பின்பக்கம்.

"அப்பளமும்."

"வடையைச் சொல்ல மறந்திடாதேங்கோ."

"பாயாசம்?"

"சீனி போட்டோ?" என்றார் அந்தப் பெண், பயந்துபோய்.

வரிசை கடைப் பக்கம் திரும்பியது. அந்தக் கடையில் சீனியைக் கண்டு மாதக்கணக்கு.

"கதைதானே தங்கச்சி" என்றார் கச்சான்காரர். "அள்ளிப் போடுங்கோ."