வீடு பார்க்க வருகிறார்கள்

— மூடியைத் திறந்தாச்சாக்கா?

— இருடா. மூச்சை அடக்கிட்டுத்தான் பரண்ல கையை விடணும். சீ! என்னத்தைடா கொண்டு வந்து போட்டிருக்க இந்தத் தடவை?

— செவுளும் குடலும். போன தடவை தலையைப் போட்டோம், சுமாராத்தான் வேலை செஞ்சுது. தலை அழுக நாளாகும். குடல் ஒரே ராத்திரியில தயாராகிடும்.

— சமையல் குறிப்பு மாதிரி சொல்ற.

— நாள் முழுக்க மீன் வெட்டறவன்க்கா நான். எது எப்போ நாறும்னு எனக்குத் தெரியாதா? டப்பாவைப் பெட்டிக்குப் பின்னாடி தள்ளி வை. கீழே நின்னு பாத்தா தெரியக் கூடாது.

— புழு நெளியுதுடா.

— நல்லது.

— நல்லதா? என் விரல் மேல ஏறுது.

— உதறிட்டு இறங்கு. இப்போ வந்துடுவாங்க. ஃபேனைப் போடு, அப்போதான் முன்ரூம் வரைக்கும் பரவும்.

— முன்ரூம்லதாண்டா நான் தைக்க வாங்கின துணியெல்லாம் இருக்கு.

— அதான் மூட்டை கட்டி வெச்சிருக்கியே.

— கட்டினா? பிளாஸ்டிக் கவருக்குள்ள கவர் போட்டு வெச்சாலும் உள்ளே போயிடுது. நேத்து பேங்க் அம்மா தைக்கக் குடுத்திருந்த கோட்டை வாங்கிட்டுப் போக வந்தாங்க. கை நீளம் சரியான்னு பாக்கல, தையலைப் பாக்கல. மூஞ்சிகிட்ட கொண்டு போனாங்க. அப்புறம் ரெண்டு விரல்ல பிடிச்சுட்டுப் போனாங்க. இனிமே வர மாட்டாங்க.

— ஒரு ஆள்தானே.

— ஒவ்வொரு ஆளாத்தாண்டா போவாங்க. ஊர்வலமாவா போவாங்க?

— வீடு நிக்கணுமா வேணாமா? ஓனர் வித்துட்டா, வாங்கறவன் மொதல்ல நம்மளைத்தான் காலி பண்ணச் சொல்லுவான். அப்புறம் எந்த முன்ரூம்ல மெஷினைப் போடுவ?

— அதுக்குத்தானே ஒத்துக்கிட்டேன். இந்தத் தெருவில ஒரு வாசல் இருக்கறதாலதான் நாலு பேர் எட்டிப் பாக்கறாங்க. ஊருக்கு வெளியே மெஷினைத் தூக்கிட்டுப் போனா, ஒரு பேன்ட் ஓரம் அடிக்க யார் அவ்வளவு தூரம் வருவா?

— அதான் சொல்றேன். பல்லைக் கடிச்சுட்டு இரு. வர்றவங்க எல்லாம் ஓடினா ஓனரே அலுத்துப் போய் விட்டுடுவார். நாம பழையபடி இருந்துக்கலாம்.

— பஸ்ல பக்கத்துல உட்கார்ந்திருந்தவ எழுந்து போய் நின்னுக்கிட்டா. அவ்வளவு கூட்டத்துல அந்த சீட்டு மட்டும் காலியாவே வந்துது. வீட்டுக்கு வந்து கையை மோந்து பாக்கறேன், எனக்கு ஒண்ணும் தெரியல. அதுதான் பயமா இருக்கு. தெரியாமலே போயிடுச்சுடா.

— எனக்கும் கடையில சேர்ந்த புதுசுல அப்படித்தான். லாபம்தான்க்கா, காலை நீட்டிட்டு வரலாம்.

— கருமம். பேசாதே.

— சிரிக்கத்தான் சொன்னேன்.

— சிரிக்கவா? போன தடவை வந்தவன் என்ன பண்ணினான்னு உனக்குத் தெரியாது, நீ கடையில இருந்த. நாத்தத்துல கண்ணுல தண்ணி வருது அவனுக்கு, ஆனாலும் என் பீரோவைத் திறந்து பாத்தான். ஏன் சார் திறக்கறீங்கன்னா, எவ்வளவு ஆழம் இருக்குன்னு பாத்தேங்கறான். என் உள்பாவாடையைத் தள்ளிட்டு ஆழம் பாக்கறான். அவன் நாறினானா, இந்த டப்பா நாறிச்சான்னு எனக்குப் புரியல.

— அவனும் ஓடிட்டான்ல. அதைப் பாரு.

— இந்த வாரம் ஏரியா பேப்பர் பாத்தியா?

— ஓசியில வாசல்ல விட்டெறியற பேப்பரை எவன் படிப்பான்? நம்ம தெருவைப் புகழ்ந்து எழுதியிருந்தாங்களே, அதுவா?

— அது போன மாசம். செருப்புக் கடை காப்பிக் கடை ஆச்சாம், லாண்டரி நாய்க்கு முடி வெட்டற கடை ஆச்சாம், வீடு வாங்கறதுக்கு இதை விட்டா வேற தெரு இல்லையாம். இந்த வாரம், 'துர்நாற்றத்தில் தவிக்கும் தெரு.'

— பிரமாதம்! நம்ம வேலையை அவங்களே பாக்கறாங்க.

— படத்தைப் பாரு. பக்கத்துப் பழைய இரும்புக் கடை. சுத்தி சிவப்புல வட்டம் போட்டிருக்கான். காப்பிக் கடைக்காரியை மூக்கைப் பொத்திட்டு முன்னாடி நிக்கச் சொல்லி எடுத்திருக்கான்.

— வட்டம் நம்ம வீட்டு மேல விழலைல்ல.

— கீழே படி. 'அந்தக் கடையிலிருந்துதான் நாற்றம் வருகிறது என்கிறார், பக்கத்து வீட்டில் தையல் வேலை செய்யும் பெண்.' நான் எப்போடா சொன்னேன்? அந்த நிருபர் வந்தப்ப நான் வாயே திறக்கல. உள்ளே இருந்து கத்தினது நீ.

— யார் சொன்னா என்ன? சந்தேகம் நம்ம மேல வராம இருந்தா சரி.

— கடைக்கு சீல் வெச்சுட்டாங்கடா. சுகாதார ஆபீஸ் ஆளுங்க வந்து, முகமூடி போட்டுக்கிட்டு, பூட்டு மேல பூட்டு. இரும்புல துரு பிடிக்கும், நாறுமா? அதைக் கேக்கறதுக்கு ஒருத்தரும் இல்ல. தராசைக் கூட எடுத்துக்க விடல கடைக்கார அண்ணனை. ரோட்டுல நின்னுட்டு இருந்தவர் என்னைப் பாத்ததும் நேரா வந்துட்டாரு.

— திட்டினாரா?

— திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். 'தங்கச்சி, நெஜமாவே என் கடையா நாறுது? நான் தினமும் குளிக்கறேனே'ன்னாரு.

— நீ என்ன சொன்ன?

— என்ன சொல்றது? தெரியலண்ணேன்னு சொல்லிட்டு உள்ளே வந்துட்டேன். மெஷின் மிதிக்கட்டை உடைஞ்சப்ப வேற ஒண்ணு தேடி எடுத்து அவரே மாட்டிக் குடுத்தாரு, காசு கூட வாங்கல. அந்த மனுஷன் முன்னாடி தெரியலைன்னு நிக்கறேன். தூ!

— விடுக்கா. பூட்டை எடுத்துடுவாங்க.

— நிறுத்திடலாம்டா. டப்பாவை இறக்கி எங்கயாவது புதைச்சுட்டு, அந்தப் பேப்பர்காரனைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிடறேன்.

— தாராளமா சொல்லு. போலீஸ் வந்து கூட்டிட்டுப் போகும்போது மெஷினையும் எடுத்துக்க. ஜெயில்ல நிறைய சீருடை தைக்க வேண்டியிருக்கும்.

— உனக்கு எல்லாமே விளையாட்டு. ஆமா, கழிவை மூட்டை கட்டி எடுத்துட்டு வர்றியே, உன் முதலாளி எதுக்குன்னு கேக்கறதில்லையா?

— கழிவுதானே, அவருக்கென்ன? அதை விடு. அந்த பீரோக்காரன் எவ்வளவுக்குக் கேட்டான்னு புரோக்கர் ஏதாவது சொன்னாரா?

— விலை நமக்கெதுக்குடா?

— சும்மா கேட்டேன். கார் சத்தம் கேக்குது பாரு. வந்துட்டாங்க. முகத்தைச் சிரிச்ச மாதிரி வெச்சுக்க.

— இந்த நாத்தத்துக்கு நடுவுல நின்னு சிரிச்சா பைத்தியம்னு நினைப்பாங்க.

— அதுவும் நமக்கு நல்லதுதான்.

— வணக்கம் மேடம். உள்ளே வரலாமா? வாங்க சார், வாங்கம்மா, தாராளமா வாங்க. சொல்லப்போனா நல்ல காத்தோட்டமான... கடவுளே!

— வாங்க புரோக்கர் சார். கர்சீப் எல்லாம் தயாரா இருக்கு போல.

— ரெண்டு வெச்சிருக்கேன் மேடம். சார், இதுதான் முன்ரூம். அது ஒண்ணுமில்லைங்கம்மா, பக்கத்துக் கடை. சீல் வெச்சாச்சு, போயிடும். அம்மா? அம்மா, படியில வேண்டாம், அந்த ஓரமா... சரி. முடிஞ்சுது.

— டேய், தண்ணி எடுத்துட்டு ஓடு. அந்தப் பொண்ணு வாந்தி எடுத்துட்டுப் படியிலயே உட்கார்ந்துடுச்சு பாரு.

— இதோக்கா. சார், மெதுவா எழுப்புங்க, கார் வரைக்கும் நானும் வர்றேன். மாசமா இருக்காங்களா? அடடா.

— மாசமா இருக்கற பொண்ணையா சார் இந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?

— அவங்கதான் பாத்தே ஆகணும்னாங்க மேடம். பேப்பரைப் படிச்சுட்டு வந்தவங்க. போன மாசத்துப் பேப்பர்.

— ஒரு வாய் சோறு தங்காது இன்னிக்கு அதுக்கு. உட்காருங்கன்னு கூட உங்களைச் சொல்ல முடியல.

— வேண்டாம் மேடம், நான் நின்னுக்கறேன். சொல்லப்போனா இவங்கதான் கடைசி. இவங்களும் ஓடிட்டா இனிமே வெளி ஆள் யாரையும் கூட்டிட்டுப் போய் மானத்தை வாங்காதேன்னு ஓனர் சொல்லிட்டாரு.

— அப்படின்னா வீட்டை விக்கலையா?

— அது வந்து...

— நாங்க இருந்துக்கலாம்ல? வாடகையைக் கொஞ்சம் கூட்டிக்கட்டும் சார், பரவாயில்ல. நான் எல்லாத்தையும் கழுவிடறேன். பினாயில் ஊத்தி, சுவரைச் சுரண்டி, வெள்ளை அடிச்சு, எல்லாம் என் செலவு. நாத்தம் போயிடும். கண்டிப்பாப் போயிடும் சார், நான் சொல்றேன்.

— என்ன மேடம் இப்படிப் பேசறீங்க? ஓனர் விலையைப் பாதியாக்கிட்டாரு. உங்க ஆளுக்கே முடிச்சுடச் சொல்லிட்டாரு.

— எங்க ஆளா?

— மீன்கடை முதலாளிதான். மழைக்காலத்துல இருந்தே கேட்டுட்டு இருக்காரே. அப்போ ஓனர் சிரிச்சாரு. அந்த விலைக்கு வாசக்கதவைத்தான் கழட்டித் தர முடியும்னாரு. இப்போ அதே விலைக்கு வீடே போகுது. இரும்புக் கடையும் சேர்ந்துதான். சீல் வெச்ச இடம், சல்லிசா வருது. நடுச்சுவரை எடுத்துட்டா பெரிய மீன் ஓட்டல். சொல்லப்போனா இந்தத் தெருவுக்கு அது ஒண்ணுதான் குறை.

— என் தம்பிக்கு இது தெரியுமா?

— தெரியுமாவா? முதலாளியை எங்கிட்ட கூட்டிட்டு வந்ததே தம்பிதானே! அக்காவும் தம்பியும் பேசி வெச்சுத்தான் செய்யறீங்கன்னு... மேடம்? நான் ஏதாவது... சரி, நான் ரோட்டுல நிக்கறேன். இங்க மூச்சு முட்டுது.

— அனுப்பி வெச்சாச்சுக்கா. கார்ல ஏறியும் ஒரு தடவை வாந்தி எடுத்துச்சு. இனி இந்தத் தெருப் பக்கம் தலை வெச்சுக் கூடப் படுக்க மாட்டாங்க. புரோக்கர் ஏன் வெளியே போய் நிக்கறாரு?

— உன் முதலாளி எப்போ குடி வர்றாரு?

— என்ன?

— நடுச்சுவரை எப்போ இடிக்கறாருன்னு கேக்கறேன்.

— சொல்லணும்னுதான் இருந்தேன்க்கா.

— எப்போ? இடிச்ச மண்ணை அள்ளும்போதா?

— கோவப்படாம கேளு. எப்படியும் ஒரு நாள் வித்திருப்பாங்க. தெரு போற போக்கைப் பாரு. எவனோ ஒருத்தன் வாங்கி நம்மளைத் தள்றதுக்கு, தெரிஞ்ச மனுஷன் வாங்கினா நல்லதுதானே? ஓனர் மொதல்ல சொன்ன விலைக்கு முதலாளியால வாங்க முடியாது. விலை இறங்கினாத்தான் முடியும்.

— அதைச் சொல்லியே கேட்டிருக்கலாமே. வீட்டைக் காப்பாத்தறோம்னு ஏன் சொன்ன?

— சொல்லியிருந்தா செஞ்சிருப்பியா?

— உன்னை வேலைக்கு வெச்சுக்கச் சொல்லி அவர் கடை வாசல்ல போய் நின்னது நான். ஈரத்தரையில, அரை நாள்.

— அதை அவர் மறக்கல. அடிக்கடி சொல்லுவார்.

— இத்தனை நாள் நாறினது நானு. நானாவது தெரிஞ்சு நாறினேன். பக்கத்து அண்ணன் எதுக்குடா நாறினாரு? பொறக்காத புள்ளை வரைக்கும் நாறடிச்சாச்சு. என்னைத் தொடாதே. தள்ளி நில்லு.

— நாம ஒண்ணும் தெருவுக்கு வந்துடலக்கா. மாடியில ஒரு ரூம் கட்டித் தர்றேன்னிருக்காரு. வாடகை கிடையாது. நீயும் நானும் இருந்துக்கலாம்.

— மெஷினை எங்க போடறது?

— ரூம் சின்னது. மெஷினுக்கு இடம் வராது. இனிமே எதுக்கு அது? தைக்கக் குடுத்தவங்கதான் ஒவ்வொருத்தரா போயிட்டாங்களே. உனக்கும் சேத்து வேலை பேசிட்டேன்.

— எனக்கு என்ன வேலை?

— ஓட்டல் பின்பக்கம். மீன் கழுவற இடம், கழிவு எல்லாம் அங்கதான் சேரும். அந்த வேலைக்கு வந்தவங்க யாரும் நிக்கறதில்ல, ஓடிடறாங்க. முதலாளி கூட மொதல்ல நம்பல. தையக்காரப் பொண்ணு, ஒரு நாள் தாங்காதுன்னாரு. நான்தான் சொன்னேன், பரண்ல மீன் குடலை வெச்சுக்கிட்டு அதுக்குக் கீழயே உட்கார்ந்து சாப்பிடறா முதலாளி, அங்கயே படுத்துத் தூங்கறா, எங்க அக்கா எந்த நாத்தத்தையும் தாங்குவான்னு.