குளத்தில் விழுந்த கரைவலை

அவைக்குத் தலைமை தாங்குவதோடு என் பேச்சையும் தாங்கிக்கொள்ளும் அய்யாக்குட்டி அண்ணாச்சி அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! முறுக்குக் கடித்தே எனக்குத் தாளம் போடும் தாய்மார்களே! 'இவன் எப்போது முடிப்பான்' என்று என் வீட்டாரைப் போலவே காத்திருக்கும் தம்பிமார்களே! வணக்கம்.

மழைக்கு முன் நம் மாப்பிள்ளையூரணிக் குளத்தைக் கண்டீர்களா? தண்ணீர் தெரிந்ததா? தவளையாவது தெரிந்ததா? கரையெல்லாம் சீமைக்கருவேலம், நீரெல்லாம் ஆகாயத்தாமரை! அறுத்தோம், அறுந்ததெல்லாம் மிதந்தது, மிதந்ததெல்லாம் தழைத்தது. அப்படியே மழை வந்திருந்தால் செடி மடையை அடைத்து, வெள்ளம் கீழத்தெரு வீடுகளுக்குள் புகுந்திருக்கும்.

அப்போது சீனித்தாய் அக்கா வாசலில் மீன்கூடையை இறக்கிய பிளாரன்ஸ், குளத்தைப் பார்த்தார். கரையில் நின்றே கடலை வளைத்து இழுக்கும் கரைவலைக் குடும்பத்துப் பெண் அல்லவா?

"வெட்டுனா தீராதுக்கா. வலையப் போட்டு வளைச்சு இழுக்கணும்."

"ஏளா, ஆகாயத்தாமரைய இழுத்துக் கருவாடு போடப் போறியா?" என்று கேட்டது யார்? அண்ணாச்சி முறைக்கிறார், பெயரைச் சொல்ல மாட்டேன்! உரக்கச் சிரித்தவன் பெயர் வேண்டுமா? அழைப்பிதழில் 'சிறப்புப் பேச்சாளர்' என்று போட்டிருக்கிறதே, அவன்தான்.

மறுநாள் வந்தது வலை. நான்கு குடும்பத்துக்குச் சோறு போடும் ஒரே வலை! ஒரு கயிற்றில் கடற்கரைக்காரர்கள்; மறு கயிற்றில் நம் ஊர்க்காரர்கள். என்ன தம்பி, 'நீரும் இழுத்தீரா' என்கிறீரா? கயிறு என்னை இழுத்தது, நானும் ஒத்துழைத்தேன்.

செடிக்கூட்டம் பாதிவழி வந்தபோது, படார்! கருவேலங்கட்டையில் சிக்கியது வலை.

"நிறுத்துங்கலே! வலை கிழியுது!" என்று அலறினார் நம் அண்ணாச்சி.

நிறுத்தினால் வலை பிழைக்கும், செடியும் பிழைக்கும். பிளாரன்ஸ் வலையைப் பார்த்தார். கருத்த வானத்தைப் பார்த்தார்.

"வலையப் பொறவு தச்சுக்கிடலாம். மழை நமக்காவக் காத்துக் கெடக்குமா? இழுங்கலே!"

இழுத்தோம்! கிழியக் கிழிய இழுத்தோம்! மலையாய்க் குவிந்தது செடி, மழையும் வந்தது. குளம் வாய் திறந்து குடித்தது. கீழத்தெருவில் ஒரு வாசற்படிகூட நனையவில்லை. ஆனால் கடலில் வளைக்கப் பிளாரன்ஸுக்கு வலை இல்லை.

அந்தப் பெண்ணுக்கா வெறும் பொன்னாடை? முதலில் அதைத்தான் நீட்டினோம். "துணி எதுக்கு அண்ணாச்சி? நூலு இருந்தாத் தாங்க" என்றார்.

எனவே, இந்த மேடையில் விரித்திருப்பது கம்பளம் அல்ல, பெரியோர்களே! கிழிந்த அந்த வலை! நூலும் ஊசியும் இதோ. முடிச்சுப் போட அவர் கற்றுத் தருவார். நான் போடும் முடிச்சை மட்டும் அவிழ்த்து மறுபடி போடுங்கள் தாயே. அதன் வழியே சுறாவே குடும்பத்தோடு போய்விடும்!

இத்தனை நேரம் உழைத்த காதுகளுக்கு நன்றி. இனிக் கைகள் மேடைக்கு வரட்டும். வணக்கம்!