சணல் கட்டிய பிளக்

தாம்பரத்தில் புறப்பட்ட மின்சார ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பேர். காக்கிச் சட்டைக்காரர் குரோம்பேட்டைப் பட்டறை ஒன்றில் எலெக்ட்ரீஷியன். மடியில் சாத்துக்குடிப் பையோடு இருந்தவரை மச்சான் என்றார். பட்டறையில் அடிபட்ட ஒரு பையனைப் பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களாம்.

"மச்சான், ஆயுத பூஜைக்கு மிஷின் அழகா இருக்கணும்னு அந்தப் பையன் சணலை அறுத்துட்டான். அதான் அவன் கை போச்சு."

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"சணலுக்கும் கைக்கும் இன்னா சம்பந்தம்?" என்று கேட்டார் மச்சான்.

"தகடு அமுக்குற பிரஸ்ஸு அது. அதை இறக்குறதுக்குக் கால்ல ஒரு சுவிட்சு கீது. அந்த ஒயரு ஒரு பிளக்குல வந்து சேருது. திருகிப் பூட்டுற பிளக்கு வாங்குங்கன்னேன். மொதலாளி வெலை கம்மின்னு சும்மா சொருகுறதை வாங்கியாந்தாரு. மிஷின் அதிர அதிர அது கழண்டுகினே வரும். நான்தான் சணல் சுத்திக் கட்டினேன்."

"அப்புறம்?"

"பூஜைக்கு அவன் பிரஸ்ஸைத் தொடச்சு, பொட்டு வச்சு, மாலை போட்டான். எண்ணெய் ஊறின சணல் அசிங்கமா கீதுன்னு அறுத்துட்டான். யாரும் கவனிக்கல. பூஜை முடிஞ்சு மிஷின் ஓட்டுறப்போ பிளக்கு பாதி கழண்டு, உள்ள ஒயரோட ஒயரு ஒட்டிக்கிச்சு. சுவிட்சுல காலே வைக்கல. தகடு வச்சுகினு இருந்த கை மேல பிரஸ்ஸு தானா இறங்கிடுச்சு."

பல்லாவரம் வந்து போயிற்று. மச்சான் பழப் பையை நேராக்கி வைத்துக்கொண்டார்.

"இப்பவாவது நல்ல பிளக்கு வாங்கினாரா?"

"அதே பிளக்குதான். சணல்தான் நல்லதா வாங்கியாந்திருக்காரு."