மடுவத்தில் சத்தம் கேட்கக் கூடாது

உங்கள் போனில் சிரிக்கிற பிள்ளை உங்களுடையதுதானே, மிஸ்? மேசையில் வைத்தபோது கண்ணில் பட்டது. நல்ல கொழுகொழுவென்று இருக்கிறது. பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? உங்கள் அம்மாவா? அப்படியானால் கவலையில்லை. பிள்ளை நல்ல கையில் இருந்தால்தான் தாய் நிம்மதியாக வேலை பார்க்கலாம். வாக்குமூலம் எழுத உட்கார்ந்து நீங்கள் கடற்படைத் தளம், தாக்குதல், ஏஜென்ட் என்று கேட்கிறீர்கள். எல்லாவற்றையும் சொல்கிறேன். ஆனால் என் வரையில் விஷயம் இது ஒன்றுதான்.

என் பெயர் அம்மாக்கண்ணு. நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைமடுவத்து ஆயம்மாவாக இருந்தவள். காலையில் பெரட்டில் நின்று வேலைக்குப் பேர் கொடுக்கப் போகிற வழியில் தாய்மார் கைப்பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார்கள். பகல் சாப்பாட்டுக்கு விடும்போது பால் கொடுக்க ஒரு தடவை இறங்கி வருவார்கள். நடுவில் யாரையும் கூப்பிடக் கூடாது. ஒரு பிள்ளை அழுகிறது என்று மேலே ஆள் அனுப்பினால் ஒருத்தி மட்டும் இறங்கமாட்டாள். யார் பிள்ளையோ என்று வரிசை முழுக்கக் கூடையோடு இறங்கிவிடும். கொழுந்து குறைந்துவிடும். அன்றைக்கு எல்லாருக்கும் அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். அதனால் என் மடுவத்தில் சத்தம் கேட்காது. தோட்டத்துத் தொரை வந்து பார்த்துவிட்டு, மற்றத் தோட்டத்து ஆயம்மாமாரை என்னிடம் வந்து வேலை பழகச் சொன்னார்.

எப்படி என்று அவர்கள் கேட்டார்கள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். சளிக்குக் கொடுக்கிற பாணி மருந்து இருக்கிறதல்லவா, அதில் ஒரு மூடி. பிள்ளை பகல்வரைக்கும் கண் திறக்காது. தாய் வந்து கேட்பாள், நான் சொல்வேன், "நல்லாத் தூங்குது, நீ போ". கிருஷாந்தி என்று ஒருத்தி, அவளுடைய மூத்த பிள்ளை மட்டும் ஒருநாள் எழுந்திருக்கவில்லை. அது பிறந்ததிலிருந்தே சத்தில்லாத சோணிப் பிள்ளை. அதற்குப் பிறகு நான் அரை மூடிதான் ஊற்றினேன்.

பிறகு என்னை ஓய்வில் அனுப்பிவிட்டார்கள். சேட்டிபிகேட் வைத்திருக்கிற ஒரு பெண்ணை மடுவத்தில் போட்டார்கள். சுவரில் படம் ஒட்டினாள், பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். போகிற வருகிற வழியில் எனக்குப் பிள்ளைகள் அழுகிற சத்தம் கேட்கும். ஆனாலும் தாய்மார் அங்கேதான் போனார்கள். என் வீட்டு வாசலைப் பகலில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு இப்போது தெரியாது, மிஸ்.

அந்தச் சமயத்தில்தான் ஹட்டனிலிருந்து முத்துலிங்கம் வந்தார். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர். ஒரு நாட்டில் பெரிய கடற்படைத் தளம், அங்கே சாப்பாட்டு மண்டபத்தில் தட்டுக் கழுவ, தரை துடைக்கப் பையன்கள் வேண்டும் என்றார். நாட்டின் பெயர் என் வாயில் நுழையாது. "நீங்க சொன்னா தாய்மாருங்க கேப்பாங்க ஆயம்மா," என்றார். அது உண்மைதான். அந்தப் பையன்கள் எல்லாரும் நான் தூங்க வைத்த பிள்ளைகள். ஒவ்வொரு பையனுக்கும் அவர் என் கையில் ஏதோ வைப்பார். நான் எண்ணிப் பார்த்ததில்லை. அதற்காகச் செய்யவில்லை.

ஜீவராணியின் மூத்தவன் திலக்ஷன் முதலில் போனான். கூடவே எங்கள் தோட்டத்துப் பையன்கள் இன்னும் சிலர். ஜீவராணி புருஷன் இல்லாதவள், கொழுந்து எடுக்கிறவள். அவளிடம் இருப்பது பட்டன் போன். அவள் இருக்கிற லயத்து வீட்டில் சிக்னலும் கிடையாது. என் வீடு மேட்டில் இருப்பதால் என் போனில் கிடைக்கும். அதனால் பையன் பேசிப் பதிந்து என் வாட்ஸப்புக்கு அனுப்புவான். பகலில் அவள் கூடையோடு இறங்கி வந்து என் வாசலில் உட்கார்ந்து கேட்பாள். மற்றப் பையன்களும் அப்படியே அனுப்புவார்கள், அவர்கள் தாய்மாரும் வருவார்கள். பழையபடி என் வாசல் நிறைந்தது.

அவன் எப்போதும் ஒரே மாதிரிதான் பேசுவான். "அம்மா, சாப்புட்டியா? அட்டைக் கடிக்கு உப்பு வச்சுக்க. தம்பிய ஏசாத." அவ்வளவுதான். சில நாள் மூன்று நான்கு அனுப்பிவிடுவான். எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுக் காட்டமாட்டேன். ஒன்றிரண்டை வைத்துக்கொள்வேன். அனுப்பாத நாளில் அவள் வெறுங்கையோடு மலைக்கு ஏறக் கூடாதில்லையா.

ஒருநாள் பகலுக்கு முன்னால் அவனே கோல் எடுத்தான்.

"ஆயம்மா, சின்னப் புள்ளைங்க தட்டு வர்றதே இல்ல."

"கப்பல் படையில ஏதுடா சின்னப் புள்ளைங்க?"

"ஆபீசர்மாரு பொஞ்சாதி, புள்ளைங்களத்தான் சொல்றேன். லீவு நாள்ல குடும்பத்தோட சாப்பிட வருவாங்க. பூப்போட்ட பிளாஸ்டிக் தட்டு, நான்தான் கழுவுறது. இப்ப ஒண்ணுகூட வரல. எல்லாரையும் ஊருக்கு அனுப்பிட்டாங்க. போன மாசம் இங்கருந்து கப்பல் போயி அந்தப் பக்கத்து ஊரு ஒண்ண அடிச்சிட்டு வந்துச்சு. எங்களுக்கெல்லாம் இனிப்புக் குடுத்தாங்க. திருப்பி அடிப்பாங்கன்னு பேசிக்கிறாங்க."

"அவங்க சண்டை அவங்களுக்கு. நீ தட்டக் கழுவு."

"சூப்பர்வைசர் சொல்றாரு, வீட்டுலருந்து ஏஜென்ட் மூலமா கூப்பிட்டா விட்டுருவாங்களாம். அம்மாவ முத்துலிங்கத்துக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க ஆயம்மா. எனக்குப் பயமா இருக்கு."

"அம்மா மலையில இருக்காடா."

"பகலைக்கு வருவாங்கல்ல."

"சரி, சொல்றேன். அழாத. தண்ணியக் குடிச்சிட்டுப் படு."

நான் யோசிக்காமல் இல்லை. ஒருவன் திரும்பினால் எல்லாத் தாயும் தன் பிள்ளையைக் கூப்பிடுவாள். வரிசையே இறங்கிவிடும். முத்துலிங்கம் வேறு தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு போவார். அடுத்து அனுப்ப வேறு பையன்கள் தயாராக நின்றார்கள். ஒரு பிள்ளை பயந்து அழுததற்காக அத்தனை பேர் பிழைப்பைக் கெடுக்க முடியுமா?

ஜீவராணி வந்து கூடையை இறக்கினாள். "என்ன சொன்னான் என் மவன்?"

"நல்லா இருக்கானாம். சின்னப் புள்ளைங்க தட்டப் பத்திப் பேசுனான்."

"இங்க ஒரு கோப்பை கழுவமாட்டான், தொரை மவன் மாதிரி உக்காந்திருப்பான்," என்று சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். சந்தோஷமாக மலைக்கு ஏறினாள். அந்தச் சந்தோஷத்தை நான்தான் கொடுத்தேன்.

அவன் பிறகும் கேட்டான். அம்மா முத்துலிங்கத்திடம் பேசிவிட்டாள், கடதாசி வர நாளாகும் என்று சொன்னேன். அழுகையை நிறுத்திவிட்டான்.

தாக்குதல் அவர்களுடைய பெருநாளுக்கு மறுநாள் நடந்தது. பெருநாள் லீவு முடியும்வரை யாரும் அடிக்கமாட்டார்கள் என்று அங்கே நம்பியிருக்கிறார்கள். சிப்பாய்களில் பாதிப் பேர் லீவில் போயிருந்தார்களாம், மற்றவர்கள் தூக்கம். விடியும் முன் கடல் பக்கமாக ட்ரோன்கள் வந்தன. அந்த நேரத்தில் விளக்கு எரிந்த ஒரே இடம் சமையல்கட்டு. காலைச் சாப்பாட்டுக்காக எழும்பியிருந்தவர்கள் நம் பையன்கள். கப்பல்கள் இரண்டு எரிந்ததாக டீவியில் காட்டினார்கள். சமையல்கட்டைக் காட்டவில்லை.

முத்துலிங்கம் மறுநாள் வந்து சொன்னார். திலக்ஷனோடு சேர்த்து எங்கள் தோட்டத்துப் பையன்கள் நான்கு பேர். "பாடி வராது ஆயம்மா. வர்றதுக்கு ஒண்ணும் இல்ல. வீடுகளுக்கு எப்படிச் சொல்றது?" என்றார். நான் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றேன். ஆமாம், மிஸ், அதை நான்தான் சொன்னேன். அவர் சொன்னதாக எழுதாதீர்கள்.

டீவி பார்த்துவிட்டுத் தாய்மார் ஓடி வந்தார்கள். ஜீவராணி மூச்சு வாங்க நின்றாள். நான் போனை எடுத்து ஒன்றைப் போட்டேன். ஒன்றிரண்டை வைத்துக்கொள்வேன் என்று சொன்னேனே. "அம்மா, சாப்புட்டியா? அட்டைக் கடிக்கு உப்பு வச்சுக்க." அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மற்ற மூன்று பேருக்கும் அவரவர் பிள்ளையின் குரலைப் போட்டேன். அரை மூடிதான். மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு மலைக்குப் போனார்கள். அன்றைக்கு ஒருவருக்கும் அரைப்பேர் விழவில்லை.

அதற்குப் பிறகு பழையதையும் வைத்திருந்ததையும் மாற்றி மாற்றிப் போட்டேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒருநாள் மட்டும் அவசரத்தில் ஒன்றைத் தவறாக அமுக்கிவிட்டேன். "அம்மா, திருவிழாவுக்குக் கொடி ஏத்திட்டாங்களா?" என்று கேட்டான். திருவிழா முடிந்து வெகுநாளாகியிருந்தது. ஜீவராணி போனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"பாவம் புள்ள. மாசமே மறந்துபோச்சு அவனுக்கு."

தாய் மனசு அப்படித்தான். நாம் சிரமப்பட வேண்டியதில்லை, மிச்சத்தை அதுவே செய்துகொள்ளும்.

இனி நீங்கள் கேட்ட இளையவன் விஷயம். தளத்தைத் திருத்திக் கட்டுகிறார்கள், செத்தவர்களின் இடத்துக்கு அவசரமாக ஆள் வேண்டும் என்று முத்துலிங்கத்தை மேலேயிருந்து நெருக்கினார்கள். ஜீவராணியின் இளையவன் விஜிதரன் வேலையில்லாமல் நோர்வூட் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தான். அவளுக்கு விருப்பமில்லை. "ஒருத்தனாவது பக்கத்துல இருக்கட்டும் ஆயம்மா," என்றாள். திலக்ஷன் போன புதிதில் அனுப்பியது ஒன்று, போட்டுக் காட்டாமல் என்னிடம் இருந்தது. "சாப்பாடு நல்லா இருக்கும்மா, வேலையும் லேசு. தம்பியையும் அனுப்பு, நான் பாத்துக்கிறேன்." அதை ஒரு தடவைதான் போட்டேன். அவள் அன்று மாலையே பையனின் சட்டைகளைத் துவைத்துப் போட்டாள். நான் கட்டாயப்படுத்தவில்லை, மிஸ். அண்ணன் கூப்பிட்டான், தம்பி போனான்.

அவன் போய் இறங்கிய கையோடு அனுப்பினான். "ஆயம்மா, அண்ணன் இங்க இல்ல. அண்ணன் இருந்த கட்டடமே இல்ல. சுவரெல்லாம் கரி. அதத்தான் எங்களச் சுரண்டச் சொல்றாங்க." நான் திருப்பிச் சொன்னேன், அண்ணனை வேறு ஊருக்கு மாற்றியிருக்கிறார்கள், அம்மாவுக்கு இதைச் சொல்லாதே, அவள் மலையில் இருக்கிறாள் என்று. அவன் அண்ணனைப் போல இல்லை. அடங்கவில்லை. அனுப்பிக்கொண்டே இருந்தான். வர வர அழித்துக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் யாரிடமோ போன் வாங்கி, தோட்டத்துச் சந்தியில் ஓட்டோ வைத்திருக்கிற அழகனுக்குக் கோல் எடுத்திருக்கிறான். அண்ணன் செத்துவிட்டான், இன்னொரு தடவை அடிக்கப் போகிறார்கள் என்று எங்களைத் தளத்திலிருந்து வேறு இடத்துக்குக் கொண்டு வந்து பூட்டியிருக்கிறார்கள், பாஸ்போட்டும் எங்கள் கையில் இல்லை என்றானாம். எந்த இடம் என்று அழகன் கேட்பதற்குள், "எடத்த ஆயம்மாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன்," என்று சொல்லும்போதே லைன் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை.

அழகன் மலைக்கே ஏறிப் போய் ஜீவராணியிடம் சொன்னான். அவள் இறங்கி வந்தாள். கொழுந்துக் கூடை முதுகிலேயே இருந்தது. அவளுக்குப் பின்னால் வரிசை முழுக்க இறங்கி வந்தது. நான் இத்தனை காலம் நடக்கவிடாமல் வைத்திருந்தது அது. அவள் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை.

"மூத்தவன் பேசுனத ஒருக்காப் போடுங்க ஆயம்மா," என்றாள்.

போட்டேன். கடைசிவரை கேட்டாள்.

"சின்னவன் பேசுனதப் போடுங்க."

நான் போனைக் கீழே வைத்தேன். அவளை அழகன்தான் கையைப் பிடித்து ஓட்டோவில் ஏற்றி உங்கள் ஆபீசுக்குக் கூட்டி வந்தான். வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள், நான் வரும்போது பார்த்தேன். ஒரு தேத்தண்ணி கொடுக்கச் சொல்லுங்கள், பெரட்டுக்குப் போனதிலிருந்து ஒன்றும் குடித்திருக்கமாட்டாள்.

தூதரகம் இடத்தைக் கேட்கிறது, இடம் தெரிந்தால் இன்றைக்கே ஆள் அனுப்பி எடுத்துவிடலாம் என்கிறீர்கள். எனக்குப் புரிகிறது, மிஸ். அது வந்தது. நீளமாகப் பேசியிருந்தான். போட்டுக் கேட்டேன். "ஆயம்மா, இத மட்டும் அம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்க," என்று ஆரம்பித்தான். தெருப் பெயரோ என்னவோ சொல்ல வந்தான். சொல்வதற்குள் விம்ம ஆரம்பித்துவிட்டான். அந்த நேரம் ஜீவராணி என் வாசலுக்கு வந்துகொண்டிருந்தாள். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. அழித்துவிட்டேன்.

இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள். பிள்ளை அழுகிற சத்தம் தாயின் காதில் விழ நான் ஒருநாளும் விட்டதில்லை.