மேற்பார்வையாளருக்கு ஒரு மஃப்ளர்

மனசு சரியில்லை என்று யார் வந்து சொன்னாலும், இரண்டு பின்னல் ஊசியையும் ஓர் உருண்டை கம்பளி நூலையும் கையில் கொடுத்துவிடுவேன். ஊசியை நுழைத்து, நூலைச் சுற்றி இழுத்தால் ஒரு கண்ணி. பிறகு அடுத்தது. கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகிவிடும், முகம் தெளிந்துவிடும். நீங்களும் பழகலாம், ஐயா. நாள் முழுக்க என்னைப் போன்றவர்களோடு பேசுகிறவர் நீங்கள்.

எனக்கு இதைச் சொன்னது ஒரு டாக்டரம்மா. தங்கை போன பிறகு, கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேன். "கையைச் சும்மா வச்சுக்காதீங்க, ஏதாவது பின்னுங்க" என்றார். பின்னினேன். கோபம் போயே போய்விட்டது.

தங்கை ஸ்வெட்டர் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அவள் முடியைப் பார்த்து அங்கே எல்லோரும் 'சுருட்டை' என்றே கூப்பிட்டார்கள். வேலை முடியுமுன் பெண்கள் நழுவிவிடுவார்கள் என்று, மேற்பார்வையாளர் மாடிக் கதவை வெளியே பூட்டிவிடுவார். தீப்பிடித்த அன்றும் பூட்டியிருந்தது. "சாவியைத் தேடினேங்க, கிடைக்கல" என்று விசாரணையில் சொன்னார். விட்டுவிட்டார்கள்.

பல வருடம் கழித்து, அவருக்கு நுரையீரல் கெட்டு, வீட்டோடு பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நானே போய் நின்றேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஒரு குறையும் வைக்கவில்லை, ஐயா. நகம் வெட்டிவிட்டேன், முதுகு துடைத்துவிட்டேன். கழுத்தில் குளிர் ஏறுகிறது என்றார், சாம்பல் நிறத்தில் மஃப்ளர் ஆரம்பித்தேன். "நீங்க வந்தப்புறம்தான்க்கா அப்பா சிரிக்கிறார்" என்பாள் அவர் மகள். பொய்யில்லை. நன்றாகவே சிரிப்பார்.

ஆக்ஸிஜன் இயந்திரம் கட்டிலோடு இருந்தது. குளியலறைக்குப் போய்வரும் நேரம் மட்டும் குழாயை மூக்கிலிருந்து எடுப்பார். அன்று மகள் வேலைக்குக் கிளம்பியதும் உள்ளே போனார். நான் வெளித்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, பின்ன உட்கார்ந்தேன்.

முதலில் மெல்லத் தட்டினார். "கதவு மாட்டிக்கிச்சும்மா."

"நான் சுருட்டையோட அக்கா" என்றேன்.

தட்டுவது நின்றது. மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இப்போது கெஞ்சுவார், திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கதவோடு வாயை வைத்துப் பேசினார்.

"அன்னைக்குச் சாவி என்கிட்ட இல்லம்மா. முதலாளி கொண்டு போயிட்டாரு. சொன்னா வேலை போயிடும்னு... பழியை நானே ஏத்துக்கிட்டேன். கையாலதான் அந்தக் கதவை உடைச்சுப் பார்த்தேன்."

அவர் கையைத் தினமும் துடைத்துவிட்டவள் நான். இடது கையில் இரண்டு விரல் எலும்பு முறிந்து, கோணலாகச் சேர்ந்திருக்கும். எப்படி என்று ஒருநாளும் கேட்டதில்லை.

தாழ்ப்பாள் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது, அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆனால் நடு வரிசையில் ஊசியைக் கீழே வைத்தால் கண்ணிகள் நழுவிவிடும். பின்னுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால், உள்ளே மூச்சுச் சத்தம் நின்ற பிறகும், வரிசையை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.