கண்ணில் வைத்த சந்தனம்

காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனாலும் நன்றாக இருந்தது சார். விசாரணை என்று கூப்பிட்டிருக்கிறீர்கள், வரிசையாகவே சொல்கிறேன். நடுவில் சிரித்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆறு மாதமாக எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து ஆலையில் கார் கதவுகளுக்கு இருபத்திரண்டு வருஷம் வெல்டிங் வைத்தவன் நான். பிறகு ரோபோ வந்தது. ஆள் உயரத்துக்கு ஒற்றைக் கை. என்னை அதைச் சுற்றிப் போட்ட வேலிக்கு வெளியே ஸ்டூலில் உட்காரவைத்து, ஏதாவது ஆனால் அழுத்தச் சொல்லி ஒரு சிவப்புப் பொத்தானைக் காட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை. யாராவது உள்ளே நுழைந்தால் அதன் கேமராக் கண்ணே பார்த்துவிடும், தானே நின்றுவிடும். "இன்னிக்கு என்ன வேலை?" என்று கேட்பதையே என் மனைவி பட்டு விட்டுவிட்டாள்.

போன ஆயுத பூஜைக்கு நான் வைத்த சந்தனப் பொட்டு அந்தக் கண்ணாடிக் கண்ணில் பட்டுவிட்டது. யாரோ அழுத்தித் துடைக்க, கண்ணாடி கீறிப்போயிற்று. மறுநாள் ரோபோக் கை நகரவே இல்லை. அவசர ஆர்டர் வேறு. மேனேஜர் ஸ்ரீவத்சன் கண்ணின் இணைப்பைத் துண்டித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சாம்பசிவன் சார், புது சென்சார் வர்ற வரைக்கும் நீங்கதான் அதுக்குக் கண்ணு."

அன்று ரயிலில் இடம் இருந்தும் நான் உட்காரவில்லை. கால் தரையில் பாவவில்லை சார். தாம்பரத்தில் இறங்கி அல்வா வாங்கிக்கொண்டு சிட்லபாக்கம் வரை நடந்தே போனேன்.

பத்து நாளில் புதுக் கண் வந்தது. அதற்கும் சந்தனம் வைத்தேன், கொஞ்சம் மணல் கலந்து. மறுபடி நானே கண்.

வேலிக்கு உள்ளே விழும் இரும்புத் துண்டுகளைப் பொறுக்குபவன் குமரேசன். ஒவ்வொரு முறையும் "போலாமாண்ணா?" என்று கேட்பான். நான் ரோபோக் கையை நிறுத்திவிட்டுத்தான் போகச் சொல்ல வேண்டும். ஒருநாள் நிறுத்தாமலே போகச் சொன்னேன். அவன் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் கை வந்தபோது அழுத்தினேன். என்ன கச்சிதம் தெரியுமா! "டைமுக்கு அமுத்தினீங்கண்ணா," என்று அவனும் சிரித்தான். அன்றைய பதிவேட்டில் 'சம்பவம் ஏதுமில்லை' என்று எழுதினார்கள். அந்த வாரமே ஸ்ரீவத்சன், "ஒண்ணும்தான் நடக்கலையே சார், உங்க ஸ்டூலையும் எடுத்துடலாம்னு மேல சொல்றாங்க," என்றார்.

அப்போதுதான் புரிந்தது. சரியான நேரத்தில் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததை யாரும் வேலை என்று எண்ணமாட்டார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை குமரேசன் "போலாமாண்ணா?" என்றான். போ என்றேன். கை அவன்மேல் இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டு அழுத்தினேன்.

ஆஸ்பத்திரியில் அவன் வலது கையைத் தோளோடு எடுத்துவிட்டார்கள். ஆனால் பாருங்கள், இப்போது ஆலையில் ஒவ்வொரு ரோபோவின் வேலிக்கும் ஒரு ஸ்டூல், ஒரு ஆள். பதினாலு பேருக்கு வேலை. அதில் ஒருவன் குமரேசன்; இடது கையால் அழுத்துகிறான். உயிரைக் காப்பாற்றினீர்கள் என்று என் காலைத் தொட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீடியோவில் அந்த மூன்று நொடியைக் காட்டி, ஏன் தாமதம் என்கிறீர்கள். கண் இருந்திருந்தால் உடனே நின்றிருக்கும் சார், அதற்கு வேறென்ன தெரியும்? மூன்று நொடி யோசித்து அழுத்த மனுஷன்தான் வேண்டும்.